பட்டறைக்குப் போனால் மட்டும் ஒழுங்காக ஓடும் கார்

முழுக்கக் கெட்டுப்போன காரைச் சரி செய்வது சுலபம். செல்ஃப் அடித்தால் எடுக்கவில்லை, பம்ப் ஓடவில்லை, மாற்று, முடிந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்து, இருபது நிமிஷம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிற கார் இருக்கிறதே, அது வேற மாதிரி தலைவலி. பட்டறைக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல சார், ஓட்டிப் பாருங்க" என்பார். அவர் மேல் தப்பில்லை. இல்லாத நோயை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கடந்த சில மாதமாக இந்த விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன். காரணம், சித்தப்பாவின் கார். 2004 மாடல், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி, 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. செங்கல்பட்டில் இருக்கிறார், கண் ஆஸ்பத்திரிக்கு மாசம் இரண்டு தடவை தாம்பரம் வரவேண்டும். ஒரு தடவை பரனூர் டோல் தாண்டி, ஜி.எஸ்.டி ரோட்டில் நடு லேனில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் லாரி. ஓரம் கட்டித் தப்பித்துவிட்டார். அன்றைக்கே போன் போட்டு, "ஏம்பா, இதைக் காயலாங்கடைக்குப் போட்டுறலாமா?" என்றார். இப்போதுதான் ஆர்.சி. புதுப்பித்திருந்த வண்டி. ஆனால் அவர் கேட்டது காசைப் பற்றி இல்லை, பயத்தைப் பற்றி.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓடும்போது இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று நிறையப் பேர் யோசிப்பதில்லை. பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இன்ஜினின் வெற்றிட உறிஞ்சலில் வேலை செய்வது. இன்ஜின் நின்றபின் அதில் மிச்சம் இருப்பது ஒன்று அல்லது இரண்டு மிதிக்குத்தான். அதற்குப் பிறகு பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். பிடிக்கும், ஆனால் மொத்த பலமும் வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். ஹசார்ட் விளக்கைப் போட வேண்டும். வண்டி உருளும்போது சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி உருவிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதை சித்தப்பாவுக்கு இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை, "நான் உனக்கு முன்னாடி பொறந்தவன்டா" என்றார். சரி.

காருடன் ஒரு ஃபைலும் கொடுத்தார். அதில் நான்கு பில். ஸ்பார்க் பிளக் செட், இக்னிஷன் காயில், பேட்டரி, கடைசியாக ஃப்யூல் பம்ப். மொத்தம் பதினாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் மாற்றிய பிறகு வண்டி இரண்டு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது, பிறகு பழைய கதை. இடைவிட்டு வரும் கோளாறின் முக்கியமான குணமே இதுதான். வாரம் ஒருமுறை வருகிற கோளாறு என்றால், நீங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓட்டினாலும் ஆறு நாள் நன்றாகத்தான் ஓடும். "மாத்தினேன், சரியாயிடுச்சு" என்பதை இங்கே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டேன். வண்டி நிற்கும்போதெல்லாம் எழுத வேண்டியவை: கிளம்பி எத்தனை நிமிஷம், வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், என்ன வேகம், ஏசி ஓடியதா, அணைந்த விதம், எவ்வளவு நேரத்தில் மறுபடி எடுத்தது. கூடவே ஒரு விஷயத்தைத் தனியாகக் கவனிக்கச் சொன்னேன். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, கிளட்ச் மிதிப்பதற்கு முன், ஆர்.பி.எம். முள் என்ன செய்கிறது?

இந்தக் கேள்வி ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் ஓட காற்று, பெட்ரோல், பொறி மூன்றும் சரியான நேரத்தில் வர வேண்டும். இதில் பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி சாகும் விதம் வேறு. அது முதலில் இழுக்கும், திணறும், ஆக்சிலேட்டர் மிதித்தால் பின்னால் தள்ளுகிற மாதிரி இருக்கும், அப்புறம்தான் நிற்கும். பொறி நின்றால் திணறலே கிடையாது, சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே நொடி. அந்த நொடியில் வண்டி கியரில் இருந்தால் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆக முள் மெதுவாக, வண்டி வேகத்தோடு சேர்ந்து இறங்க வேண்டும். அப்படி இல்லாமல் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் சுற்றுகிற சேதி கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று அர்த்தம். பைசா செலவில்லாமல் பாதிச் சந்தேகங்களை இந்த ஒரு முள்ளே வெட்டிவிடும்.

ஏழு வாரத்தில் பதினொரு வரி சேர்ந்தது. அதில் ஒன்பது ஒரே ஜாதி. எல்லாம் கிளம்பி அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு. எல்லாவற்றிலும் முள் ஒரேயடியாக பூஜ்யம். எல்லாவற்றிலும் பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிஷம் காத்திருந்தால் எடுத்துவிட்டது. டேங்க் நிறைந்தும் இருந்தது, காலியாகவும் இருந்தது. மழை நாளில் ஒன்றுகூட இல்லை. மிச்சம் இரண்டு வரி வேறு மாதிரி இருந்தன, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஒன்பதில் நான்கு, பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலோ, டீ குடிக்க நிறுத்தி எடுத்த பிறகோ வந்தவை. சித்தப்பாவுக்கு இதில் ஒரு தியரி இருந்தது: "பங்க்ல தண்ணி கலக்கறான்." ஆனால் டீக்கடையில் யாரும் பெட்ரோல் கலப்பதில்லை! இரண்டுக்கும் பொதுவானது நிறுத்தியதுதான். சூடான இன்ஜினை அணைத்ததும் ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுவது நின்றுவிடுகிறது, முன்னாலிருந்து காற்றும் வருவதில்லை. ஆனால் இன்ஜின் இரும்பில் தேங்கிய வெப்பம் எங்காவது போயாக வேண்டுமே. பானெட்டுக்குள் உள்ள பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்திய முதல் சில நிமிஷங்களில்தான் அதிகம் சூடேறுகின்றன. சூட்டில் கெடும் பாகம் எதுவோ அதற்கு இதுதான் மோசமான நேரம்.

சூட்டில் கெட்டு, ஆறினால் பிழைப்பது கார்களில் பழைய கதை. அம்பாசிடர், பத்மினி காலத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடையில் நடுவழியில் வண்டி நின்றால், ஃப்யூல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். அந்தப் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்து, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிக் குழாயில் குமிழியாக நிற்கும். பம்ப் அந்த ஆவியைத்தான் அமுக்கி அமுக்கி விடும், பெட்ரோல் வராது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் முன்னால் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு லேசில் கொதிக்காது. ஆகவே புது வண்டிக்காரர்கள் வேப்பர் லாக் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கவே தேவையில்லை. நம் வண்டியிலும் அது இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு அதே நோய் வேறு உடம்பில் வந்தது. அமெரிக்காவில் 1980-களில் ஃபோர்டு வண்டிகளில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே மாட்டினார்கள், அதாவது நல்ல சூடான இடத்தில். சூடேறினால் வண்டி நிற்கும், ஆறினால் ஓடும், பட்டறையில் எதுவும் தெரியாது. வழக்கு வந்தது. 2000-இல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். அடுத்த வருஷம் சமரசத்தில் முடிந்தது. ஆறினால் சரியாகிவிடும் கோளாறை யாரிடமும் நிரூபிக்க முடியாமல் அத்தனை வருஷம் ஓட்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

நம் வண்டிக்கு வருவோம். முள் பூஜ்யம், சூடு, ஆறினால் பிழைப்பது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் சந்தேகம் கிராங்க் பொசிஷன் சென்சார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சாமான். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். அதற்கு எதிரே பல் வைத்த சக்கரம் சுற்றுகிறது. நிறைய கார்களில் அறுபது பல்லுக்கு இடம் விட்டு, இரண்டு பல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு பல் தாண்டும்போதும் சுருளில் சின்ன மின்துடிப்பு. இரண்டு பல் இல்லாத இடைவெளி வந்ததும், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொள்ளும். 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு ஐம்பது சுற்று, அதாவது நொடிக்கு 2900 துடிப்பு. இது நின்றுபோனால் எப்போது பொறி வைப்பது, எப்போது பெட்ரோல் அடிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இரண்டையும் நிறுத்திவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. துடிப்பு வரவில்லையென்றால் கம்ப்யூட்டர் சட்டென்று ஃப்யூல் பம்ப் ரிலேயையும் அணைத்துவிடும். இது வேண்டுமென்றே வைத்தது. விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்ப் மட்டும் ஓடி, அறுந்த குழாய் வழியே பெட்ரோலைப் பீய்ச்சக் கூடாது என்பதற்காக. ஆனால் மெக்கானிக் பார்வையில்? நின்ற வண்டியில் செல்ஃப் அடித்துப் பார்க்கிறார், பெட்ரோல் வரவில்லை, பம்ப் ஓடவில்லை. பம்ப் போயிடுச்சு என்கிறார். ஃபைலில் இருந்த கடைசி பில்லுக்கு இதுதான் காரணமாக இருக்கும். பில்லிலிருந்த காயிலும் அப்படியேதான், பொறியும் வந்திருக்காது. ஒரே சென்சார் நான்கு பாகங்களின் கோளாறு மாதிரி வேஷம் போடுகிறது.

ஸ்கேனர் ஏன் காட்டவில்லை? இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு, இன்ஜின் நின்றிருப்பதற்கும் சென்சார் செத்திருப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் துடிப்பு இல்லை, அவ்வளவுதான். அதற்குக் கோளாறாகப் படவில்லை, அதனால் எழுதி வைக்கவில்லை. நம் நாட்டில் ஓபிடி என்ற சுயபரிசோதனை ஏற்பாடு 2010-லிருந்துதான் கட்டாயமானது. இது அதற்கு ஆறு வருஷம் மூத்த வண்டி. "ஸ்கேனர்ல ஒண்ணும் இல்ல" என்பதை "கோளாறு ஒண்ணும் இல்ல" என்று படிக்கக் கூடாது.

சந்தேகம் வேறு, சாட்சி வேறு. சென்சாரின் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். காலையில், ஆறிய இன்ஜினில், 880 ஓம். செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் மின்தடை கூடும் உலோகம். அறுபது டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடி, ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். அதுவரை நியாயம். அதைத் தாண்டி எகிறினால் உள்ளே கம்பி விட்டுப்போகிறது.

பிறகு மகேந்திரா சிட்டி வரை போய்த் திரும்பி, பானெட்டை மூடி நிழலில்லாத இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி எடுத்தோம். ஒன்றரை கிலோமீட்டரில் நின்றது. நின்றதற்கு இரண்டு பேரும் கைதட்டினோம், ரோட்டில் போனவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். மீட்டர் வைத்தால் இடது ஓரத்தில் வெறும் 1. சுருள் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு டம்ளர் தண்ணீரைச் சென்சார் மேல் மட்டும் படும்படி மெதுவாக ஊற்றினேன். அரை நிமிஷத்தில் 960 ஓம். பிளக்கை மாட்டி செல்ஃப் அடித்ததும் எடுத்தது. இருபது நிமிஷக் காத்திருப்பு அரை நிமிஷமாகக் குறைந்ததுதான் உறுதியான சாட்சி. அம்பாசிடர் பம்புக்குச் செய்த அதே வைத்தியம், காரணம் மட்டும் முழுக்க வேறு. நெருக்கி ஒட்டிய கம்பி, சூட்டில் பிளாஸ்டிக் விரியும்போது விலகுகிறது, சுருங்கும்போது தொட்டுக்கொள்கிறது.

புது சென்சார் ஆயிரத்து நூறு ரூபாய். மாற்ற ஒரே ஒரு போல்ட், கை நுழைய இடமில்லாததால் முக்கால் மணி நேரம். பழையதை மேஜை மேல் வைத்து ஹேர் டிரையர் காட்டினேன். 1050 தாண்டியதும் மீட்டர் மறுபடி ஓரத்தில் 1. டிரையரை அணைத்தால் எண் திரும்பி வந்தது. சித்தப்பா அதை வாங்கி நான்கு தடவை செய்து பார்த்தார்.

முள் பூஜ்யத்துக்கு விழாமல், திணறி நிற்கிற வண்டி உங்களுடையது என்றால் தேட வேண்டிய இடம் வேறு. சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் டேங்கின் அடியில் கையால் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிர்விப்பது, எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போகும். நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று பலமாகக் காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி எடுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெயின் ரிலேக்குள் ஈயப்பற்று விரிசல் விட்டாலும் வெயிலில் நிறுத்திய வண்டி எடுக்காமல் மக்கர் பண்ணும். எர்த் கம்பியைச் சோதிக்க, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் பண்ண வேண்டியதுதான்.

சாவித் துளையையும் விடாதீர்கள். நின்றபோது டேஷ்போர்டு விளக்குகள், ரேடியோ எல்லாமே சேர்ந்து அணைந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் சென்சார் இல்லை, இக்னிஷன் சுவிட்ச் அல்லது மெயின் இணைப்பு. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் சின்ன கார்களைத் திரும்ப அழைத்தது இதற்குத்தான். சுவிட்சின் உள்ளே இருந்த சின்ன பிளஞ்சரின் பிடிப்பு போதாது. முழங்கால் இடித்தாலோ சாவிக்கொத்து கனத்தாலோ ஓடும்போதே சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்தது, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. அந்தக் கம்பெனியின் நிவாரண நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாவற்றையும் கார் சாவியோடு கோர்த்துத் தொங்கவிடுகிற பழக்கம் நம்மூரில் நிறைய. சித்தப்பாவின் கொத்தில் பதினொன்று இருந்தது, கழற்றிவிட்டேன்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி இதே வண்டியை வைத்து நிறையப் பேர் கேட்டார்கள். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாய்களை உப்பவோ வெடிக்கவோ வைக்கலாம். 2004 வண்டியை E20-க்காக யாரும் வடிவமைக்கவில்லை. ஆகவே குழாய்களையும் ஃபில்டரையும் பார்த்து மாற்றுவது நல்லது. ஆனால் அதனால் வரும் தொந்தரவு திணறலாக வரும், முள்ளை பூஜ்யத்துக்குத் தள்ளாது.

இனி அந்த மிச்ச இரண்டு வரி. இரண்டும் காலையில், கிளம்பி பத்து நிமிஷத்துக்குள், சிக்னலில் ஏசி ஓடும்போது. முள் மேலும் கீழும் ஆடி, பிறகு தணிந்து நின்றிருக்கிறது. உடனே எடுத்துவிட்டது. சென்சார் மாற்றிய பின்னும் இந்த ஜாதி மட்டும் ஒரு தடவை வந்தது. சித்தப்பா, "பாத்தியா, சரியாகல" என்றார். நோட்டைத் திறந்து காட்டினேன். இது தனிக் கோளாறு. ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வில் கரி அடைத்திருந்தது. ஏசி கம்ப்ரசர் பாரம் ஏறும்போது அது திறக்கத் தாமதமாகிறது. கார்ப் கிளீனர் ஸ்பிரே, பழைய டூத் பிரஷ், அரை மணி நேரம். துணியில் வந்த கருப்பைப் பார்த்து சித்தி, அந்தத் துணியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நான்கு மாசம், சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். நோட்டில் புது வரி எதுவும் இல்லை. முன்பு வாரம் ஒன்றரை தடவை நின்ற வண்டி இது, அதனால் இந்த அமைதியை இரண்டு வார அமைதியோடு சேர்க்க முடியாது. நோட்டை டேஷ்போர்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதில் பெட்ரோல் கணக்கு எழுதுகிறார்.